துலாவுக்கு அடங்காத பங்கு

தேரிமலை அன்னசாலையில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. கூரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

"அரிசி களைஞ்சாச்சு, கல்லு பாத்தாச்சு. இனிமே என் பாடு இல்ல" என்று ஒருவர் அண்ணாந்து சொல்வார். "அடுப்பு ஏத்துனது நான். சட்டியத் தூக்குனது நான் இல்ல" என்று இன்னொருவர் சொல்வார். கூரையில் ஆவி படியாத கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் கண்கள் இருந்தன. அவற்றின் வழியே பார்ப்பதும் கேட்பதும் துலா என்ற கணக்கு இயந்திரம். ஒரு காலத்தில் ஆண்டவன் காதில் விழட்டும் என்று அண்ணாந்த மனிதர்கள், இப்போது அந்தக் கண்ணாடிக்காக அண்ணாந்தார்கள்.

துலா மண்டல அலுவலகத்திலிருந்து விசாரணை அலுவலர் ஆவுடையப்பன் வந்து இறங்கியபோது மத்தியானப் பந்தி பாதியில் நின்றிருந்தது. இலைகளில் புளியோதரை காய்ந்துகொண்டிருந்தது. சாப்பிட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சமையல்கட்டில் வேலை பார்த்த மூன்று பேரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். மூவரும் ஒருவர் நிழல் ஒருவர் மேல் விழாத தூரத்தில் நின்றார்கள்.

"வெயில்ல வந்திருக்கிய. மோர் குடிக்கியளா சார்?" என்றாள் தலைமைச் சமையல்காரி பூரணம்.

"வேண்டாம்."

ஆவுடையப்பனுக்கு இந்த வேலை கற்றுக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். முந்திக்கொண்டு உபசரிப்பவர் எதையோ மறைக்கிறார் என்பதும் அவர் அனுபவம். மோர்ச்செம்பை நீட்டிய பூரணத்தின் கை, அவர் வேண்டாம் என்ற பிறகும் கீழே இறங்கவில்லை. அதை மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

அன்னசாலையின் தலைமாட்டில் ஆளுயர வேல் ஒன்று நிற்கிறது. சமைத்ததைச் சின்னப் பித்தளைப் பானை ஒன்றில் போட்டு முதலில் வேலுக்குக் காட்டுவார்கள். காட்டும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. மோந்து பார்ப்பதுகூடத் தகாது. காட்டிய பிறகு அந்தப் பானைச் சோறு, வரிசையில் முதலில் நிற்கும் பிள்ளைகளுக்கு. இது அங்கே வழக்கம். இன்று திருவிழாவின் முதல் நாள். பெரிய அண்டாவில் தின்ற ஊர் முழுவதும் நன்றாக இருக்க, சின்னப் பானையில் தின்ற பிள்ளைகள் மட்டும் சுருண்டு விழுந்தார்கள். மற்றப் பிள்ளைகள் வாந்தி எடுத்துத் தேறிவிட்டார்கள். வாசலில் பூக்கட்டி விற்கும் பேச்சித்தாயின் மகள் வள்ளிமயில் மட்டும் தேறவில்லை.

மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஷாஹிதா கூப்பிட்டாள்.

"பொண்ணுக்கு கை கால் முறுக்கிக்கிட்டுப் போகுது. சிறுநீர் இறங்கல. உள்ள என்ன போச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் சரியா மருந்து குடுக்க முடியும். பரிசோதனைக்கு அனுப்பினது நாளைக்குத்தான் வரும். உங்க துலாவைக் கேட்டா சொல்லாதா?"

"யார் எதைத் தொட்டாங்கன்னு துலாவுக்குத் தெரியும் டாக்டர். தொட்ட பாத்திரத்துக்குள்ள என்ன இருந்ததுன்னு தெரியாது. அதையும் பங்கு பிரிச்சு முடிக்கிற வரைக்கும் எங்களுக்கே காட்டாது. யாரும் பாத்துட்டுக் கதை ஜோடிச்சிடக் கூடாதுல்ல."

"எப்ப முடிக்கும்?"

"நாளைக் காலையில."

"காலை வரைக்கும் அந்தப் பிள்ளை தாங்குமான்னு எனக்குத் தெரியாது. நீங்க மனுஷங்களைக் கேளுங்க" என்றாள் டாக்டர்.

ஆவுடையப்பன் முதலில் பானையைக் கேட்டார்.

கொண்டுவந்து வைத்தார்கள். பானை தங்கம்போல மின்னியது. உள்ளே ஒரு பருக்கை இல்லை.

"கழுவினது யாரு?"

மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.

சரக்கறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் வந்தவர் கொம்பையா. பாத்திரம் அலசுகிறவர், தண்ணீரிலேயே நின்று பாதம் வெளுத்துப்போயிருந்தது.

"பிள்ளைக விழுந்தப்புறம் பானையைக் கழுவினது நீங்கதானே?"

"என் கல்லுல இருந்துச்சு, அலசுனேன். அது என் வேலைல்லா."

"பிள்ளைங்க துடிக்கும்போது உங்களுக்குப் பானை அலசுற அவசரமா?"

கொம்பையா பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"சார், நான் அலசுற ஆளு. தேய்க்கிறது வடிவு. அந்தா தரையில செவப்புக் கோடு தெரியுதா? கோட்டுக்கு அங்கிட்டு அவ. இங்கிட்டு நான். என் கல்லுக்கு வந்தாத்தான் என் பாத்திரம்."

"கோடு போட்டது யாரு?"

"துலா வந்த பொறவு நாங்களாத்தான் போட்டுக்கிட்டோம். ஒரு வேலைய ஒருத்தர் செஞ்சா பழி மொத்தமும் ஒருத்தருக்கு. ரெண்டு பேரு செஞ்சா ஆளுக்குப் பாதி. பாதியத் தாண்டலன்னா சோத்துக்குப் பங்கமில்ல."

அவர் சொன்னது சரிதான். ஒரு விபத்து நடந்தால் துலா அதன் குற்றத்தை ஒரு முழு அப்பம்போல எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். பாதிக்கு மேல் பங்கு விழுந்தவருக்கு அதன் பிறகு எந்தப் பொது இடத்திலும் வேலை கிடையாது.

"துலாவ நான் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார் கொம்பையா, எழுந்து போகும் முன். "என் தம்பி வேல பாத்த மில்லுல கொதிகலன் வெடிச்சுது. பல பேரு செஞ்ச தப்பு. கடைசியாப் பக்கத்துல நின்னவன்னு அவன் தலையில விடிஞ்சுது. அப்பம் துலா இருந்திருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

ஆவுடையப்பனும் அதை நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தவர். ஏழையின் தலையில் பழி விழாத உலகம் என்று அப்போது சொன்னார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

"பிள்ளைக்கு உயிர் போகுது. பானைக்குள்ள என்ன இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

கொம்பையா குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு வேண்டாம். பானை வைக்கிற பலகைக்கு மேல எலி மருந்து வச்சிருக்கா பூரணம்."

அடுத்து வடிவு வந்தாள். இளம்பெண். சேலைத் தலைப்பால் விரல்களை மூடிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"கொம்பையா உங்களைத்தான் சொல்றாரு" என்றார் ஆவுடையப்பன். கொம்பையா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இப்படிக் கல்லெறிந்தால்தான் எதுவாவது விழும் என்பது அவருடைய கணிப்பு.

"யாரு, அண்ணாச்சியா? சொல்லுவாரு, சொல்லுவாரு. காலம்பற இருந்து கோட்டுக்கு அங்கிட்டு நின்னு பீடி குடிச்ச மனுசன். நான் என் பங்குக்குத் தேச்சு வச்சிட்டு, 'முடிஞ்சுது'ன்னு துலா கேக்கச் சத்தமாச் சொல்லிட்டேன். வேணும்னா அதக் கேட்டுக்கிடுங்க."

"பானைக்குள்ள என்ன போச்சு?"

அவள் சற்று யோசித்தாள். "காலையில யாரோ ஒரு ஆளு, முன்னப்பின்ன பாத்ததில்ல, நேர்ச்சைன்னு ஒரு குப்பி நல்லெண்ணெய் குடுத்தான். அத அக்கா சின்னப் பானையில மட்டுந்தான் ஊத்துனாவ."

பூரணம் கடைசியாக வந்தாள். எண்ணெய் ஊற்றியதை ஒப்புக்கொண்டாள். எலி மருந்தும் பலகை மேல் இருக்கிறது என்றாள். "டப்பா மூடியே தொறக்கலைய்யா" என்றாள். அந்தக் குப்பியில் மிச்சம் இருந்த எண்ணெயைத் தன் நாக்கில் விட்டுக் காட்டுகிறேன் என்று எழுந்தாள். அவர் தடுத்தார். அவள் அழுதாள். அழுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"வள்ளிமயிலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமை? மத்தப் பிள்ளைகளும் அதே சோத்தைத்தானே தின்னுச்சு?"

பூரணம் வாயைத் திறந்தாள். ஒரு முறை கூரையைப் பார்த்தாள். "தெரியலைய்யா" என்றாள்.

அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் என்ன தெரியும் என்பது தெரியவில்லை.

அவர் டாக்டரைக் கூப்பிட்டு எலி மருந்தைச் சொன்னார். டாக்டர் அதற்கு உண்டானதைக் கொடுத்தாள். பிள்ளை தேறவில்லை. பிறகு எண்ணெயைச் சொன்னார். அதற்கும் ஏதோ செய்து பார்த்தாள். வெயில் சாயத் தொடங்கும்போது டாக்டரே கூப்பிட்டாள். "சார், நீங்க சொல்லச் சொல்ல நான் ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தப்பான ஊசிக்கும் அந்த உடம்பு விலை குடுக்குது. நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க."

ஆவுடையப்பன் வெளியே வந்தார். மூவரும் அதே தூரத்தில் நின்றார்கள். திருவிழாக் கூட்டத்தின் மேளச் சத்தம் மலைக்கு மேலே கேட்டது. அவர்களில் ஒருவர் வேண்டுமென்றே செய்திருக்கலாம். மூவரும் சேர்ந்து செய்திருக்கலாம். அந்த எண்ணெய்க்காரன் என்று ஒருவன் இல்லாமலே இருக்கலாம். சந்தேகத்துக்கு வேலி கிடையாது. அது மேய்ந்துகொண்டே போயிற்று.

அப்போது பேச்சித்தாய் வந்தாள்.

அவள் ஓடி வரவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரே நடந்து வந்த களைப்பில், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் பூக்கூடை இருந்தது. காவலுக்கு நின்றவர் தடுக்கப் பார்த்தார். ஆவுடையப்பன் விடச் சொன்னார். பெற்றவள் வந்து கத்தினால், மூவரில் ஒருவரின் கை எங்கேயாவது நழுவும் என்று அவர் எதிர்பார்த்தார்.

பேச்சித்தாய் கத்தவில்லை. கூடையிலிருந்து கட்டி வைத்திருந்த சரத்தை எடுத்து வேலில் சுற்றினாள். "இன்னைக்குச் சாத்தாம விட்டிருவேனோன்னு பயந்துட்டேன்" என்றாள், யாரிடமென்றும் இல்லாமல். பிறகு பூரணத்திடம் வந்தாள்.

"மதினி, அவளுக்குக் கொஞ்சம் கஞ்சித்தண்ணி வடிச்சுத் தாரியளா? அரை மயக்கத்துலயும் உங்களத்தான் கேக்கா. 'அத்தைக்கிட்ட வாங்கிட்டு வா'ங்கா. டாக்டரம்மா குடுக்கக் கூடாதுன்னுட்டாவ. இருந்தாலும் பக்கத்துல வச்சுக்கிட்டா அவளுக்கு ஒரு ஆறுதல்லா."

பூரணம் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க கையால தின்னு வளந்த பிள்ள" என்றாள் பேச்சித்தாய். "தப்பு என் மேலதான் மதினி. திருவிழா யாவாரம்னு விடியுமுன்ன பூ வாங்கப் போயிட்டேன். காலம்பற அவளுக்கு ஒண்ணுமே குடுக்கல. வெறும் வயித்துல புளிச்சோறு தின்னா சின்ன உடம்பு என்ன செய்யும்? பெத்தவ பாக்க வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசல் தூணில் தராசுத் தட்டுபோல ஒன்று பதித்திருந்தது. அது துலாவின் ஒப்புத் தட்டு. தானாக முன்வந்து குற்றத்தை ஏற்றுக்கொள்பவர் அதில் உள்ளங்கையை வைக்கலாம். வைத்தால் எவ்வளவு என்று துலா கேட்கும். ஒப்புக்கொண்ட பங்கைத் துலா தானாகப் பிறகு குறைக்காது. ஆகவே எந்த ஊரிலும் யாரும் அதைத் தொடுவதில்லை. தேரிமலையில் அந்தத் தட்டின் மேல் தீப்பெட்டியும் பூரணத்தின் வெற்றிலைப் பையும் கிடந்தன. மற்ற இடமெல்லாம் தூசி.

"இது நேர்ச்சைத் தட்டுதானே? பெரியவுக வந்து நிக்கிற நேரத்துல இதுல கைய வச்சுச் சொன்னா சாமி கேக்குமோ?" என்றாள் பேச்சித்தாய். யாரும் பதில் சொல்லும் முன் வெற்றிலைப் பையை ஒதுக்கிவிட்டு, பூ நார்க்கறை ஏறிய கையைத் தட்டில் அழுத்தினாள். "எங்க அம்மையே, அப்பனே, முருகா. என் தப்புக்கு என் பிள்ளையப் பிடிக்காத."

கூரையிலிருந்து ஒரு மென்மையான குரல் கேட்டது. "எவ்வளவு?"

அவள் அண்ணாந்தாள். அது கோயில் ஒலிபெருக்கியா, சாமியா என்று அவளுக்குத் தெரியவில்லை. "எல்லாமுந்தான்" என்றாள்.

"முழுப் பங்கும் ஏற்கப்பட்டது" என்றது துலா. "மற்றவர்களுக்கு மீதம் இல்லை."

அன்றைக்கு முதல் முறையாக ஆவுடையப்பன் கையை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தார். கொம்பையாவின் தோள் இறங்கியது. வடிவு மூச்சை விட்டாள். பூரணத்தின் முகத்திலும் ஒரு நிமிடம் கட்டு அவிழ்ந்தது. மீதம் இல்லை. இனி யாருக்கும் ஒன்றும் விழாது. தன்னுடைய நெஞ்சிலும் அதே விடுதலை ஒரு குளிர்ந்த தண்ணீர்போல இறங்கியதை அவர் உணர்ந்தார். தவறான இரண்டு மருந்துகள் தன் வாய்ச்சொல்லால் போனவை. அவையும் இந்தப் பெண்ணின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டன.

அவர் கைப்பேசி ஒலித்தது. மண்டல அலுவலகம். "ஒப்பு வந்திருச்சே. பெத்தவளே ஒத்துக்கிட்டா. கதவைச் சாத்திட்டு வாங்க."

அவர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

பேச்சித்தாய் திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டு, "மதினி, கஞ்சித்தண்ணி?" என்றாள்.

பூரணம் அலறிவிட்டாள். "போடி இவளே! என்ன காரியம் பண்ணிட்ட! எடுடி கைய, எடுடி!" எடுத்திருந்த கையையே மறுபடி பிடித்து இழுத்தாள். தட்டின் மேல் கிடந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டுத் தன் கையை வைத்தாள். "எனக்கு! முழுசும் எனக்கு! இவளுக்கு இல்ல, கேக்குதா? பானைக்குள்ள அடியில வெள்ளையா என்னமோ பூத்திருந்துச்சு. சோறு போடுத முன்ன நான் பாத்தேன். பாத்தேன்னு சொன்னாப் பாத்தவளுக்கும் பங்கு விழும்லா, அதான் வாய மூடிக்கிட்டு வேற பக்கம் பாத்தேன். சோத்தப் போட்டு மறச்சேன். வேலுக்குக் காட்டுத முன்ன ருசி பாக்கக் கூடாதுன்னு அது ஒரு சாக்கு எனக்கு. இந்தப் பிள்ளைக்கு அடிச்சோறுன்னா உசுரு. 'அத்தே, பானையச் சொரண்டித் தா'ன்னு நின்னா. நாந்தான் சொரண்டிக் குடுத்தேன். நல்லாச் சொரண்டி, உருண்ட பிடிச்சு, என் கையால!"

பேச்சித்தாய் புரியாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"வெள்ளையா?" என்றாள் வடிவு. தலைப்புக்குள் மறைத்திருந்த விரல்கள் வெளியே வந்தன. நுனிகள் வெந்து தோல் உரிந்திருந்தன. "அய்யோ, அக்கா. அது உப்பு. பாத்திரம் துலக்குற உப்பு. திருவிழாவுக்குப் பித்தளையெல்லாம் பளபளன்னு இருக்கணும்னு புதுசா வாங்குனோம்லா, அது. கையில பட்டா இப்படி வேவும். நாக்குல பட்டாப் புளிக்கும்."

புளிக்கும் உப்பு. அதற்கு மேல் புளியோதரை.

"ஊற வச்சுத் தேச்சேன். தேச்சுட்டு, அண்ணாச்சி கல்லு மேல வைக்காம, கோட்டு மேலயே வச்சேன். அவரு பீடி குடிச்சுக்கிட்டு நின்னாரு. எட்டி வைக்க ஒரு கை நேரம்கூட ஆகாது. வந்து எடுக்கட்டும்னு ஒரு வீம்பு." அவள் வந்து, பூரணத்தின் கைக்குப் பக்கத்தில் தன் வெந்த கையை வைத்தாள். "முழுசும் எனக்குப் போடு."

ஆவுடையப்பன் ஏற்கெனவே டாக்டரைக் கூப்பிட்டிருந்தார். உப்பின் பொட்டலத்தை வடிவு ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அதில் அச்சிட்டிருந்த பெயரை அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். இந்த முறை ஒரு ஊகம்கூடச் சேர்க்கவில்லை.

"அப்பாடா" என்றாள் டாக்டர். "அதான் கால்சியம் அடிமட்டத்துக்குப் போயிருக்கு. இனி என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். வைங்க போனை."

கொம்பையா மட்டும் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கூரையை அல்ல.

"என்னய ஏன் பாக்கிய?" என்றார். பிறகு குனிந்து கோட்டைப் பார்த்தார். "கோட்டு மேல இருந்துச்சு. பாத்தேன். என் கல்லுல இல்லல்லா, அவளே கொண்டாந்து வைக்கட்டும்னு இன்னொரு பீடி பத்த வச்சேன். பூரணம் அவசரத்துல வந்து அப்படியே தூக்கிட்டுப் போறதையும் பாத்தேன். 'ஏ, அது அலசலை'ன்னு ஒரு வார்த்த. ஒரு வார்த்த சொல்லல. பிள்ளைக விழுந்த பொறவு ஓடிப்போய் அலசுனேன், துப்புரவா, எவனும் கண்டுபிடிக்காதபடிக்கு. என் தம்பிய எவனெல்லாம் சேந்து மாட்டி விட்டானோ, அவன் வேலையத்தான் நான் செஞ்சிருக்கேன்." ஈரக்கையோடு வந்து தட்டில் வைத்தார். "முழுசும்."

"எவ்வளவு?" என்றது துலா மறுபடி. ஏனென்றால் இன்னொரு கை தட்டில் விழுந்திருந்தது. உலர்ந்த, நகம் வெட்டிய, அலுவலகக் கை.

"தெரியாததைத் தெரிஞ்சதாச் சொல்லி, ரெண்டு தப்பான மருந்து ஏறக் காரணம் நான்" என்றார் ஆவுடையப்பன். "முழுசும்."

துலா வெகு நேரம் பேசவில்லை. அது இப்படி நேரம் எடுத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

"கூட்டுத்தொகை ஒரு முழுமையைத் தாண்டுகிறது" என்றது கடைசியில். "கணக்கு முடியவில்லை. யாராவது ஒருவர் பின்வாங்கவும்."

யாரும் கையை எடுக்கவில்லை.

பழி என்பது யாருக்கு எவ்வளவு என்று பிரித்தாலும் மொத்தம் ஒன்றுதான் என்று துலாவைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள். ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும். ஒரே தவறை இத்தனை பேர் முழுதாகத் தூக்கிக்கொள்ள முடியும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

பூரணம்தான் முதலில் கையை எடுத்தாள், பின்வாங்க அல்ல. அடுப்பில் உலை வைக்க. கஞ்சித்தண்ணி வடித்து, தூக்குவாளியில் ஊற்றி, துணியால் சுற்றிப் பேச்சித்தாயிடம் கொடுத்தாள். அவளால் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேச்சித்தாய் வாளியை வாங்கினாள். இப்போது அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. வாளியில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் பயந்தார்கள்.

"நீங்களும் கூட வாங்க மதினி" என்றாள். "கண்ணு முழிச்சா உங்களத்தான் தேடுவா."

மண்டல அலுவலகம் இதை நம்பவில்லை. துலாவை முடக்க எல்லோரும் பேசி வைத்துச் செய்த சதி என்றது. விசாரிக்கப் போனவரே கை வைத்தால் வேறு என்ன நினைப்பது? ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "மத்தவங்க பின்வாங்கிட்டாங்க, நீங்களும் எழுதிக் குடுத்துருங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் கல்லெறிதலை ஆவுடையப்பன் நன்றாக அறிவார், சிரித்துக்கொண்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அன்னசாலைக் கூரையில் இன்னும் சில கண்கள் முளைத்தன. கணக்கு முடியாததால் யாருக்கும் தண்டனையும் முடியவில்லை. தேரிமலைக் கணக்கு இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வேலை இல்லாத ஆவுடையப்பன் மலைக்கு வந்தார். பூரணம் மோர் கொடுத்தாள். வாங்கி, செம்பைக் கவிழ்த்துக் குடித்தார்.

தரையில் சிவப்புக் கோடு இருந்தது. யாரும் அழிக்கவில்லை, ஆனால் மிதிபட்டு மிதிபட்டு மங்கியிருந்தது. வடிவு பானையைத் தேய்த்து, தானே அலசி, கொம்பையாவிடம் கொடுத்தாள். அவர் மறுபடி அலசினார். "எத்தன தடவதான் அலசுவிய, பானை தேஞ்சு வேலுக்குக் கம்மலாயிரும்" என்று பூரணம் திட்டிக்கொண்டே வாங்கி, அவளும் ஒரு முறை அலசினாள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் சோறு போட்டாள்.

வேலுக்குக் காட்டியாயிற்று. மணி அடித்தது. வரிசையில் முதலாக வள்ளிமயில் நின்றாள். கன்னம் ஒட்டி, பாவாடை இடுப்பில் நிற்காமல், அம்மா கட்டிவிட்ட பூவோடு.

வழக்கப்படி முதல் பிடி பிள்ளைக்கு. பூரணம் பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். எடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வரிசையில் நின்ற பெரியவர்கள் "என்னம்மா இது, வழக்கத்த மாத்துதிய?" என்று முணுமுணுத்தார்கள். அவள் மென்று விழுங்கிவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். வடிவு வந்து ஒரு பிடி எடுத்தாள். கொம்பையா ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பிடி எடுத்தார். எழுந்து போய் ஆவுடையப்பனும் கையை நீட்டினார்.

"ருசி பார்க்கும் காரணத்தைக் கூறவும்" என்றது துலா.

யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வள்ளிமயில் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"அத்தே, இத்தன பேரு தின்னா எனக்கு அடிச்சோறு மிஞ்சுமா?"

"மிஞ்சும்டி" என்றாள் பூரணம். கரண்டியை எடுத்துப் பானையின் அடியைச் சுரண்டத் தொடங்கினாள்.